பாட்டு வீடியோ பார்த்தோர் மெய்ப்பாட்டியல்: செஞ்சி வட்டாரத்தை முன்வைத்து

ஒன்றைப் படைத்தவர் அதை நாலு பேர் முன் வைத்துவிட்டு வியர்க்கும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியதாகப் பனம்பாரனார் பாயிரம் சொல்கிறது. கம்பர் திருவரங்கத்திலும் சேக்கிழார் தில்லையிலும் அரங்கேற்றியதாக மரபு. இவையெல்லாம் கேட்டவர் யார் என்று கூறுகின்றன. கேட்டவர் நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்தாரா, கொட்டாவியைக் கையால் மறைத்தாரா, மறைக்கும் மரியாதைகூட இல்லாமல் விட்டாரா என்ற செய்திகள் காலவெள்ளத்தில் அழிந்துபோயின. அவ்விழப்பு இனியும் நேராதிருக்க எழுந்ததே இவ்வாய்வு. எடுத்துக்கொண்ட பனுவல், செஞ்சிக் கோட்டையில் கல்லூரி மாணவர்கள் எடுக்கும் நான்கு நிமிடப் பாட்டு வீடியோ.

முதற்கண் களம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளை வளைத்த மதிலுக்குள் கிடப்பது செஞ்சிக் கோட்டை. 1677இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, 1690இல் வெளியே வந்து உட்கார்ந்த முகலாயப் படை உள்ளே நுழைய 1698 ஆயிற்று. இந்த முற்றுகையின் நீளத்தை வரலாற்றாசிரியர்கள் வியப்பார்கள். டிரைபாடுக்கு அனுமதி கேட்டுக் காத்திருந்த மாணவர் வியக்கமாட்டார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றே. இத்தகைய பெருமைக்கு இடையில் காதல் பாட்டானால் கல்யாண மகால், சோகப் பாட்டானால் நெற்களஞ்சியம், தன்னம்பிக்கைப் பாட்டானால் ராஜகிரி உச்சி என்று திணை மயக்கமின்றி இடம் பிரித்துக்கொள்வர். ட்ரோன் கிடைக்காதவர் சுமார் 800 அடி உயரத்தைத் தாமே ஏறி ட்ரோன் ஆவர்.

முன்னாய்வுகள் இத்துறையில் அரிது. ஆல்ஃப் ஹில்டபைடல் 1988இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய பெருநூலின் முதல் தொகுதி, செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை போகிறது. இவ்வாய்வு செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரை போகிறது. எனினும் அந்நூலுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஏன் என்பது பின்னர் விளங்கும்.

இனி, பார்த்தோர் கூற்று. அவற்றுள் பெரும்பான்மை பனுவலைப் பற்றியதே அன்று என்பது இவ்வாய்வின் முதல் முடிபு. பெரியப்பா படம் ஓடத் தொடங்கியதும் "கேமரா வாடகை எவ்ளோ?" என்பார். அத்தை, "அந்தப் பொண்ணு யாரு, எந்த ஊரு?" என்பார், பாட்டின் பொருள் குறித்து அவருக்கு ஐயமில்லை, அதன் பின்விளைவு குறித்தே. அம்மா, "வெயில்ல இப்படிக் கறுத்துட்டியேடா" என்பதோடு திறனாய்வை முடித்துக்கொள்வார். நண்பர்கள் "செம மச்சி" என்பர். பேராசிரியர் "முயற்சிக்கு வாழ்த்துகள்" என்பார். அது துக்கம் விசாரிக்கும் குரலில் சொல்லப்படுவது என்பதால் கூடுதல் உரை வேண்டா.

காசு கொடுக்காமல் பார்ப்பவர் உண்மை சொல்ல வேண்டிய கடப்பாடு இல்லாதவர் என்பதே இதற்குக் காரணம். சென்னைத் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த 'ஊமை விழிகள்' 1986இல் வந்தபோது யாரும் அவர்களுக்கு முயற்சிக்கு வாழ்த்துச் சொல்லவில்லை, டிக்கெட் வாங்கினார்கள். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் நடுவர்கள் குறும்படத்தின் குறையை ஊரறிய முகத்துக்கு நேரே சொன்னார்கள். கார்த்திக் சுப்புராஜும் நலன் குமரசாமியும் அந்த வெயிலில் காய்ந்து வந்தவர்களே. வீட்டுக் கூடத்தில் மகனின் செல்போனைக் கையில் வாங்கிப் பார்க்கும் சித்தப்பாவுக்கோ டிக்கெட்டும் இல்லை, நடுவர் நாற்காலியும் இல்லை. இரவு அதே வீட்டில் அவர் சாப்பிட்டாக வேண்டும்.

இவ்வளவு திசை மாறும் கூற்றுகளுக்கு நடுவே எல்லாரும் ஒருவாய்ப்படச் சொல்வது ஒன்றுண்டு. அது குரங்கு. செஞ்சிக் கோட்டையில் எந்த ஷாட் வைத்தாலும் சட்டகத்தின் ஒரு மூலையில் குரங்கொன்று மதில்மேல் உட்கார்ந்து எதையோ உரித்துக்கொண்டிருக்கும். "ஹீரோவைவிடக் குரங்கு நல்லா பண்ணியிருக்கு" என்பது வயது, சாதி, கட்சி கடந்த கருத்து. மாணவர்கள் இதைக் கேலி என்று எண்ணிப் புண்படுவர். ஆய்வாளர் நோக்கில் இது முழுவதிலும் நம்பத்தக்க ஒரே தரவு. அஃது என்னையெனின், குரங்கு கேமராவைப் பார்க்கவில்லை, வேலையைப் பார்த்தது. நாயகன் பாட்டு முழுவதும் தன் முடியைப் பார்த்தான்.

அடுத்தது மிக நுட்பமான பகுதி. வாயசைப்பு. தாத்தா சொல்வார்: "பையன் பாட்டை மறந்துட்டானா? வாய் எங்கேயோ போவுது." நாயகன் நடிப்பு சரியில்லை என்று குழு முடிவு கட்டும்; நட்பு முறியும். இங்கே குற்றவாளி நடிகன் அல்லன், ப்ளூடூத் ஸ்பீக்கர். பாட்டைக் கேமரா அருகே ஒலிக்கவிட்டு, நாயகனைத் தொலைவில் உள்ள பாறைமேல் நிறுத்துகிறார்கள். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். பாறை 34 மீட்டர் தள்ளி இருந்தால் பாட்டு அவன் காதுக்குப் பத்தில் ஒரு விநாடி பிந்திச் சேரும். கற்பாறையில் பட்டுத் திரும்பும் எதிரொலி வேறு குழப்பும். கேட்டபின் அவன் வாயசைக்கிறான். எடிட்டிங்கில் மூலப் பாட்டைச் சேர்க்கும்போது ஒலி முந்தி, உதடு பிந்தி நிற்கும்.

முந்துவதும் பிந்துவதும் ஒன்றுதானே எனின், அன்று. ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே மனிதர் கண்டுகொள்வர், ஆனால் பிந்தினால் 125 வரை உணரமாட்டார் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வரையறுத்தது. இயற்கையில் ஒளிக்கு முன்னால் ஒலி வந்து எவரும் பார்த்ததில்லை. தூரத்து வண்ணான்துறையில் துணி அடிப்பது முதலில் தெரியும், சத்தம் பிறகுதான் வரும். கூத்து மேடையிலிருந்து 43 மீட்டர் தள்ளிப் பாய் விரித்தவர் அந்த 125 மில்லி விநாடித் தாமதத்தோடுதான் விடிய விடியக் கேட்டார், ஒருநாளும் குறை சொல்லவில்லை. ஆகவே நம் மாணவர்கள் செய்த பிழை, மனிதக் காது மன்னிக்காத திசையில் செய்த பிழை. தீர்வோ எளிது. 25 ஃபிரேம் கணக்கில் ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி. அந்த ஷாட்டை மட்டும் இரண்டு மூன்று ஃபிரேம் முன்னே நகர்த்தினால் போதும். அல்லது ஸ்பீக்கரைக் கொண்டுபோய் நாயகன் நிற்கும் பாறைக்குப் பின்னால் ஒளித்து வைக்கலாம், குரங்கு எடுத்துக்கொண்டு போகாதிருந்தால்.

தாத்தாவின் கூற்றை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். இடத்தை மிகச் சரியாகச் சொன்னார்; காரணத்தைத் தவறாகச் சொன்னார். "ரொம்ப நீளம்" என்பவரையும் இவ்வாறே கொள்க. அவர் நீளம் என்பது பெரும்பாலும் நீளமன்று. பாட்டு தொடங்குமுன் ராஜா தேசிங்கு 1714இல் நவாபை எதிர்த்துப் போரிட்டு மாண்ட கதையைக் கனத்த குரலில் அரை நிமிடம் சொல்லியிருப்பார்கள். அடுத்த காட்சியில் நாயகன் புல்லட்டில் வருவான். பவணந்தியார் நன்னூலில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை வகுத்தபோது இதனை முன்னுணர்ந்தே 'மற்றொன்று விரித்தல்' என்று பெயரிட்டார் போலும். திரும்பத் திரும்ப வரும் முடி கோதல் 'கூறியது கூறல்'. ஸ்லோ மோஷன் 'மிகைபடக் கூறல்'. ராஜகிரிப் படிகளில் பல்லவியின்போது துள்ளி ஏறிய நாயகன் இரண்டாம் சரணத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது 'சென்று தேய்ந்து இறுதல்' என்பதற்கு இதுகாறும் கிடைத்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. உரையாசிரியர்கள் இந்த மலையை ஏறிப் பார்த்ததில்லை.

சொல்லாமல் சொல்லப்படும் கருத்துக்கு வருவோம். ஹில்டபைடல் ஆராய்ந்த மேலச்சேரி செஞ்சிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இவ்வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்து விடியும்வரை நடக்கும். கூத்தாடுபவர் யாரிடமும் போய் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பதில்லை. எதிரே பாயில் எத்தனை பேர் படுத்துவிட்டார்கள் என்று பார்க்கிறார். படுத்தவர் மிகுந்தால் கட்டியக்காரன் உள்ளே புகுந்து ஏதாவது பேசிச் சிரிக்கவைப்பான். வசனம் சுருங்கும், தாளம் ஏறும். துகிலுரிதல் வரும்போது தூங்கியவரை எழுப்ப ஆள் வேண்டியதில்லை. பிடித்துப்போனவர் பணம் கொடுப்பார்; கொடுத்தவர் பெயரைக் கட்டியக்காரன் மேடையிலேயே அறிவிப்பான். திறனாய்வும் கட்டணமும் ஒரே ரசீதில் முடிந்தன.

பாட்டு வீடியோ எடுத்தவருக்கு இந்த வசதி இல்லை. பார்க்கிறவர் எதிரே அவர் இல்லை. ஆகவே இவ்வாய்வு பரிந்துரைக்கும் முறையாவது: படம் ஓடும்போது எடுத்தவர் திரைக்கு முதுகும் பார்ப்பவருக்கு முகமும் காட்டி உட்கார வேண்டும். ஒன்றும் கேட்கக் கூடாது. அத்தை எந்த இடத்தில் அடுப்பை நினைத்துக்கொண்டு எழுந்தார், தம்பி எந்த இடத்தில் விரலால் தள்ளினான், சித்தப்பாவின் கண் எப்போது சுவர்க் கடிகாரத்துக்குப் போனது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் எழுந்தால் அது அடுப்பின் குற்றம். தொடர்பில்லாத மூன்று பேர் ஒரே இடத்தில் அசைந்தால் அது படத்தின் குற்றம். பெரும்பாலும் அவ்விடத்தில் நாயகன் நெற்களஞ்சியத்தின் இருட்டில் நின்று எதையோ நினைத்துக்கொண்டிருப்பான், முகம் தெரியாது. வெளியே கருங்கல்லின் கூச்சத்துக்கு வைத்த எக்ஸ்போஷரை உள்ளே மாற்ற மறந்திருப்பார்கள். ஒரு தெர்மாகோல் அட்டை பிடித்து வாசல் வெளிச்சத்தைத் திருப்பியிருந்தால் அத்தை எழுந்திருக்கமாட்டார், குழம்பு தீய்ந்திருக்கும்.

கருத்தைப் பெறுவோரின் இயல்பையும் நன்னூலே வகுத்துத் தந்திருக்கிறது. மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என அது பிரிக்கும். இவர்கள் அனைவரும் ஒரே படக்குழுவில் இருப்பர் என்பது நம் களக் கண்டுபிடிப்பு. நாலு பேர் சொன்னதற்கெல்லாம் நாலு வாய் கடித்து எதையும் முழுதாகத் திருத்தாத ஆடு, எடிட்டர். "உங்களுக்கு ஃபிரேமிங் தெரியுமா?" என்று கேட்டுக் குளத்தையே கலக்கும் எருமை, ஒளிப்பதிவாளர். நெய்யை ஒழுகவிட்டுக் கசண்டைப் பிடித்துவைக்கும் நெய்யரி, நாயகன். அத்தனை பேச்சிலும் குரங்கைப் பற்றியது மட்டும் அவன் நினைவில் நிற்கும். இயக்குநர் தன்னை அன்னம் என்று சொல்லிக்கொள்வார். மேய்ந்ததை ஓரிடத்தில் உட்கார்ந்து அசைபோடும் ஆ, குழுவில் எப்போதும் உணவு வாங்கப் போன பையன். அவன் பெயர் டைட்டிலில் வராது.

திருத்திய பதிப்புகளைப் பற்றியும் ஒரு சொல். தேசிங்கு கதை போனது, உதடு பாட்டோடு சேர்ந்தது, களஞ்சிய இருட்டு பாதியாகக் குறைந்தது, குரங்கு ஆறு விநாடி கூடுதலாகப் பெற்றது என்று வைத்துக்கொள்வோம். மறுபடி போட்டுக் காட்டும்போது பெரியப்பா "முன்னாடி இருந்ததே நல்லா இருந்துச்சு" என்பார். இக்கூற்றைத் தரவாகக் கொள்ளலாமா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கொள்ள வேண்டா என்பது நம் துணிபு. முதல் பதிப்பு ஓடிய நான்கு நிமிடமும் அவர் வாசலில் நின்று கேஸ் சிலிண்டர் வாங்கிக்கொண்டிருந்தார்.