பில்லைக் கீழயிருந்து வாசிலே

ஏலே பேராண்டி, வீட்டுப் போன் பில்லு வந்தா எங்கேயிருந்து வாசிக்கே? மேலயிருந்தா? அங்க என்னலே இருக்கு? ஒங்க அப்பன் பேரு இருக்கும். ஒரு புள்ள போனைக் காதுல வச்சுக்கிட்டுப் பல்லு தெரியச் சிரிக்கிற படம் இருக்கும். அது எதுக்குச் சிரிக்குன்னு என்னைக்காவது யோசிச்சியா? அது பில்லைக் கீழயிருந்து வாசிச்சிருக்கு.

மேலத்தெருவுல ஒரு பய. பட்டணத்துல படிச்சவன். வீட்டுக்குப் போனும் இண்டர்நெட்டும் ஒரே ஒயர்ல இழுத்தான். 499 ரூவா பிளானாம். கோவில்பட்டியில தட்டி வச்சிருந்தானாம். "அன்லிமிட்டெட் தாத்தா"ன்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சான். மாசம் முடிஞ்சு பில்லு வந்துச்சு. 588 ரூவா 82 காசு.

"ஏண்டே, 499-ன்னுதானே சொன்ன?"

"அது பிளான் ரேட்டு தாத்தா. டாக்ஸ் எக்ஸ்ட்ரா."

ஏன், தட்டி எழுதயில டாக்ஸு ஊருக்குப் போயிருந்துச்சா? பில்லை வாங்கிப் பார்த்தேன். மத்திய சர்க்காருக்கு 44 ரூவா 91 காசு. மாநில சர்க்காருக்கு 44 ரூவா 91 காசு. சரிபாதி, சண்டையே இல்லை. 91 காசுக்கு நம்ம ஊருப் பெட்டிக்கடையில என்ன தருவான்? பில்லுல மட்டும் அது இன்னும் உசுரோட இருக்கு.

சரி, அது சட்டம். அடுத்த மாசத்துப் பில்லுல இன்னும் மூணு உருப்படி சேர்ந்து வந்துச்சு. இண்டர்நெட்டுப் பெட்டிக்கு வாடகை. நாள் தப்புனதுக்கு அபராதம். யாரும் கேக்காத ஒரு பாட்டுச் சேவை. அம்புட்டையும் கூட்டி, கூட்டுன தொகைக்கு மறுபடி வரி. கேட்டியாடேன்னேன். "சில்லறைக்கெல்லாம் போயி என்னத்தக் கேக்க தாத்தா, அசிங்கம். ஆட்டோ பே போட்டுட்டேன்"ங்கான். அதாவது, பில்லை இவன் பார்க்கவே மாட்டான். பேங்க்கு தானாக் குடுத்துரும். துட்டு போன சேதி மெசேஜா வரும். அதையும் இவன் வாசிக்கமாட்டான். படிச்ச பிள்ளை!

நாங்க படிக்காதவுக. வண்டியில பருத்தியைப் போட்டுக்கிட்டு கமிஷன் கடைக்குப் போவோம். சிட்டையில தரகு, எடைகூலி, மகமைன்னு வரிசையாக் கழிச்சிருப்பாக. வயிறு எரியும். ஆனா மகமைன்னா எந்தக் கோயிலுக்கு, எடைகூலின்னா யாருக்கு எம்புட்டுன்னு கேப்போம். மொதலாளி எதிர்க்க உக்காந்திருப்பாரு. பதில் சொல்லியாகணும். ஒன் போன் பில்லும் அதே சிட்டைதாம்லே. எதிர்க்க உக்காந்திருக்கிற ஆளைத்தான் காணோம்.

போனுக்குக் கூடுதல் துட்டுங்கிறது இன்னைக்கு நேத்து வந்ததுன்னு நெனைக்காதே. ட்ரங்கால் காலத்துலயே உண்டு. எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லிவச்சுட்டுக் காத்துக் கெடக்கணும். அவசரம்னா அர்ஜெண்ட், அதுக்கு ஒரு ரேட்டு. அதைவிட அவசரம்னா லைட்னிங், அதுக்கு ரேட்டு இன்னும் மேல. இன்ன ஆளுதான் பேசணும், வேற யாரும் எடுக்கப்படாதுன்னா பி.பி. கால். அதுக்குத் தனித் துட்டு. எல்லாம் நெசந்தான். ஆனா புக் பண்ணும்போதே அது தெரியும். சாவுச் சேதி சொல்லப் போனவனும் "ஆர்டினரி போதுங்க, அவரு செத்து விடியக்காலமே ஆகிப்போச்சு"ன்னு துட்டைப் பார்த்துப் பேசினான். அவனுக்கு அசிங்கமாவா இருந்துச்சு?

பெறகு எக்ஸ்சேஞ்சைக் கேக்காம வெளியூருக்கு நாமளே நம்பர் சுத்துற எஸ்.டி.டி. வந்துச்சு. நம்ம கோவில்பட்டிக்கு 04632. எக்ஸ்சேஞ்சுல ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு மீட்டர். தூரத்துக்குத் தக்கன அது தட்டும். உள்ளூருக்குப் பேசினா மெதுவா. மெட்ராஸுக்குப் பேசினா சில செகண்டுக்கு ஒரு தட்டு. ராத்திரி ஏற ஏற ரேட்டு எறங்கும். அதனாலதான் மகன்கிட்டப் பேசணும்னா ஊரே சாப்பிட்டு முடிச்சு, எஸ்.டி.டி. பூத்து மஞ்சப் போர்டுக்குக் கீழ கொட்டாவி விட்டுக்கிட்டு நிக்கும். கண்ணாடிக் கூண்டுக்குள்ள செவப்பு நம்பர் ஓடும். அதைப் பார்த்துக்கிட்டே பேசுவோம். "நல்லாருக்கியா, துட்டு அனுப்பினியா, வச்சிரவா." ரூவாயைக் கண்ணால பார்த்துக்கிட்டுப் பேசுறவன் வாயி நீளாதுல்லா?

வீட்டுல போன் வச்சிருந்தவுக பாடுதான் பெரும்பாடு. கல்யாணப் பத்திரிகையில ஊரே அவுக நம்பரைப் போட்டுப் பக்கத்துல பி.பி.ன்னு அடிச்சிருக்கும். இந்த பி.பி. வேற, பக்கத்து வீட்டுப் போன்னு அர்த்தம். வாற போனுக்குத் துட்டில்லை, போறதுக்குத்தான். அதனால டயல் ஓட்டைக்குள்ள ஒரு குட்டிப் பூட்டை மாட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிடுவாக. சுத்தவே முடியாது. ஆனாலும் ரெண்டு மாசத்துக்கு ஒருக்க பில்லு எகிறி வந்து நிக்கும். எங்க தெருவுல ஒரு வீட்டம்மா, பேய்தான் போன் பேசுதுன்னு வேப்பிலை கட்டுனா. வீட்டுக்காரரு ஆபீசுக்கு நடையா நடந்து, மீட்டர் ஓடுதுன்னு மனு எழுதிப் போட்டாரு. பேயும் இல்லை, மீட்டரும் இல்லை. அவரு மூத்த மகன்! ரிசீவர் வைக்கிற கொக்கியை விரலால தட்டியே நம்பர் போடப் படிச்சிருந்தான். பூஜ்யத்துக்குப் பத்துத் தட்டு, நாலுக்கு நாலு தட்டு. மெட்ராஸுக்கு 044, பெறகு நம்பரு. பூட்டு பாட்டுக்குத் தொங்கும், அவன் பாட்டுக்குத் தட்டுவான். அந்தக் காலத்துப் பில்லுல கள்ளன் வீட்டுக்குள்ளதான் இருந்தான், பிடிச்சு ரெண்டு சாத்து சாத்த முடிஞ்சுது. இந்தக் காலத்துக் கள்ளன் பில்லுக்குள்ளயே குடியிருக்கான்.

வரிக் கதைக்கு வாரேன். 1994 ஜூலை 1-ஆம் தேதி இந்த நாட்டுல சேவை வரின்னு ஒண்ணு பொறந்துச்சு. மன்மோகன் சிங் அப்ப நிதி மந்திரி. மொதல்ல மூணே மூணு பேரு மேலதான் அதை ஏத்துனாக. பங்குத் தரகர், பொது இன்சூரன்ஸ், மூணாவது டெலிபோன். பங்குத் தரகர் நம்ம ஊருப் பக்கம் வந்ததுண்டா? ஆக, கரிசக்காட்டுக்கு அந்த வரி போன் கம்பி வழியாத்தான் வந்துச்சு. வசூலும் லேசு. அப்ப போன் இலாகாவே சர்க்கார் கையில. பில்லு போடுற கையே வரியும் எழுதிரும்.

ஆரம்பத்துல நூத்துக்கு அஞ்சு. 1000 ரூவா பில்லுக்கு 50 ரூவா. 2003-ல அது 80 ஆச்சு. 2004-ல நூறாச்சு, அதுமேல கல்விக்குன்னு 2 ரூவா. 2006-ல 122 ரூவா 40 காசு. 2007-ல உயர்கல்விக்குன்னு இன்னொரு துண்டு. உலகமே கடன்ல தடுமாறுன 2009-ல மட்டும் 103-க்கு எறங்குச்சு. அதைப் பார்த்து ஏமாந்துராதே, 2012-ல பழைய எடத்துக்கு ஏறிருச்சு. 2015 ஜூன்ல 140. அதே வருசம் நவம்பர்ல நாட்டைப் பெருக்கித் துப்புரவாக்கன்னு ஒரு 5 ரூவா. 2016 ஜூன்ல இன்னொரு 5 ரூவா. அது எதுக்குத் தெரியுமாலே? விவசாயி நலத்துக்கு! கிருஷி கல்யாண் வரின்னு பேரு. விவசாயி மழை எப்ப வரும்னு கேட்டு மகனுக்குப் போன் போடுதான். அவன் நலத்துக்கு அவன் பில்லுலயே துட்டு எடுக்காக. இந்தக் கணக்கு எந்த வாத்தியாருக்கு வரும்? 2017 ஜூலை 1-ல இந்தத் துண்டு துக்காணியெல்லாம் போயி ஜி.எஸ்.டி. வந்துச்சு. ஒரே வரி, சுத்தமான வரின்னாக. சுத்தந்தான். 1000 ரூவாய்க்கு 180.

நம்ம ஊருலதான் இப்பிடின்னு அமெரிக்காக்காரனைப் பார்த்து வாயைப் பொளக்காதே. ஸ்பெயின்காரனோட சண்டை போட 1898-ல அங்க தொலைதூரப் போனுக்கு வரி போட்டாக. நடுவுல எடுத்தாக, அடுத்த சண்டைக்குத் திரும்பப் போட்டாக. 2006-ல வந்துதான் தூரத்துப் போனுக்கு அது வேண்டாம்னு விட்டாக. ஸ்பெயின்காரன் எப்பவோ வீட்டுக்குப் போயிட்டான். ஒரு தடவை பில்லுல குடியேறுன வரியைக் கெளப்புறது அம்புட்டு லேசில்லை.

வரி போட்டவனையாவது ஓட்டுப்போட்டுக் கேட்டுக்கிடலாம். பாட்டுச் சேவைக்காரனை யாரு கேக்க? செல்போன் வந்த புதுசுல பாட்டிமாரு கையில கெடக்கும். தானா ஒரு பெட்டி திரையில வந்து நிக்கும். அதைத் தொலைக்கணும்னு பாட்டி எதையோ அமுக்குவா. அம்புட்டுதான், மாசம் முப்பது ரூவாய்க்கு ஜோசியம் வரும், கிரிக்கெட்டு வரும், சினிமாப் பாட்டு வரும். பாட்டிக்கும் கிரிக்கெட்டுக்கும் என்னலே சம்பந்தம்? ஊரு ஊருக்கு இந்தக் கூத்து நடந்த பெறகுதான் 2013-ல, போன் கம்பெனிகளைக் கட்டி மேய்க்கிற டிராய், இப்பிடிச் சேவைக்கு ரெண்டு தடவை சம்மதம் வாங்கணும், நிறுத்தறதுக்கு 155223-ன்னு ஒரு நம்பர் வைக்கணும்னு கட்டளை போட்டுச்சு. அந்த நம்பரு ஒனக்குத் தெரியுமா? சினிமா டிரெய்லர் வாற தேதி தெரியும்.

சில்லறை அசிங்கம்னு மேலத்தெருப் பய சொன்னான் பாரு, அங்கதான் எனக்குத் தாங்கலை. நம்ம கரிசக்காட்டுக்காரனுக்குச் சில்லறை எம்புட்டுப் பெரிசுன்னு கேட்டுக்கோ. கரண்டு ரேட்டை யூனிட்டுக்குச் சில பைசா ஏத்துனாகன்னு விவசாயிகள் சங்கத் தலைவரு நாராயணசாமி நாயுடு ஊரு ஊரா விவசாயிகளைத் திரட்டுனாரு. 1972-ல கோயமுத்தூர் ரோட்டையெல்லாம் மாட்டுவண்டியாலயே அடைச்சாக. பைசாவுக்காகத்தாம்லே! ரூவாய்க்குக்கூட இல்லை. அந்த மனுசன் 1984 டிசம்பர்ல கண்ணை மூடுனது இதே கோவில்பட்டியில. ஒங்க தாத்தன் பைசாவுக்கு வண்டி பூட்டுனான். நீ நாப்பது ரூவாய்க்கு வாயைத் திறக்க வெக்கப்படுதே. அந்த வெக்கந்தாம்லே கம்பெனிக்காரனுக்கு வரும்படி. தலைக்கு நாப்பது ரூவா, லட்சம் பேரு வெக்கப்பட்டா நாப்பது லட்சம். எங்க பருத்தி எந்தக் காலத்துலயும் அம்புட்டுக்குப் போனதில்லை.

கேட்டா என்ன கெடைக்கும்னு இழுக்காதே. கெடைச்சவுக இருக்காக. மொதல்ல பாதை அடைபட்டுத்தான் கெடந்துச்சு. கேரளத்துப் போன் பில் வழக்கு ஒண்ணுல 2009-ல சுப்ரீம் கோர்ட்டு, போன் தகராறுக்கு நுகர்வோர் கோர்ட்டுக்கு வரக்கூடாது, 1885-ஆம் வருசத்துத் தந்திச் சட்டத்துல 7பி-ன்னு ஒரு பிரிவு இருக்கு, அதும்படி மத்தியஸ்தர்கிட்டப் போன்னு சொல்லிருச்சு. மத்தியஸ்தரை யாரு நியமிப்பா? மத்திய சர்க்கார். போன் இலாகா யாருது? அதைக் கேக்கப்படாது. தந்தியே 2013 ஜூலையோட செத்துப்போச்சு. தந்திச் சட்டம் மட்டும் போன்காரனுக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

அகமதாபாத்துல ஒருத்தரு. சராசரியா மாசம் 555 ரூவா பில்லு கட்டுறவரு. அவருக்கு 2013 கடைசியில ஒரே மாசத்துக்கு 24,609 ரூவா பில்லு வந்துச்சு. செல்போன் பில்லுதான், ஆனா வியாதி ஒண்ணுதான். மனுசன் வெக்கப்படலை. நுகர்வோர் மன்றத்துக்குப் போனாரு. கம்பெனி, இங்க வரக்கூடாதுன்னு படிப்படியா மேல ஏறிச் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சு. 2022 பிப்ரவரி 16-ஆம் தேதி, போன் கம்பெனி மேலயும் நுகர்வோர் ஆணையத்துக்குத் தாராளமாப் போகலாம்னு தீர்ப்பாச்சு. வோடபோன் ஐடியா வழக்குன்னு சட்டப் புஸ்தகத்துலயே ஏறிருச்சு. அவரும் சில்லறைன்னு நெனைச்சு ஆட்டோ பே போட்டிருந்தா?

அதனால சொல்லுதேன், நீயும் அவனை மாதிரி ஆட்டோ பே போட்டிருந்தா இன்னைக்கே நிறுத்து. நாலு மாசத்துப் பில்லை எடுத்துக் கீழயிருந்து மேல வாசி. புரியாத உருப்படிக்குப் பக்கத்துல ஒரு கோடு போடு. கம்பெனிக்குப் போன் போட்டு, இது எதுக்குன்னு ஒவ்வொண்ணாக் கேளு. கேட்டுட்டு வச்சிராதே, புகார் நம்பரை வாங்கிப் பில்லு மேலயே எழுது. மழுப்புனா அதே கம்பெனியில மேல்முறையீட்டு அதிகாரின்னு ஒருத்தரு உண்டு, அவருக்கு எழுது. அப்பவும் அசையலையா, 1915-க்குப் போடு, அது நுகர்வோர் உதவி எண். அதுக்கும் மசியலைன்னா தூத்துக்குடியில மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. நீ குடுத்த துட்டு 5 லட்சத்துக்குள்ளன்னா அங்க மனுக் குடுக்கக் கட்டணமே கிடையாது. வக்கீல் வச்சா மட்டும் அவரு ஃபீஸு தனி. அது எம்புட்டுன்னும், அதுக்கு மேல எக்ஸ்ட்ரா உண்டான்னும் மொதல்லயே கேட்டுக்கோ.