இல்லாததைக் காட்டத் தெரிய வேண்டும்

காங் கிராமத்துக்கு இந்தக் கோடையில் புதுக் கைடு நீதானாமே, தம்பி. டப்ளினில் வரலாறு படித்தவன், கழுத்தில் அடையாள அட்டை, கையில் குறிப்பேடு. எல்லாம் சரி. அந்தக் குறிப்பேட்டைக் கொஞ்சம் மூடி வைத்துவிட்டு இந்தக் கிழவன் சொல்வதைக் கேள். மேயோ மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், ஒரு சுருட்டு அணைவதற்குள் சுற்றி வந்துவிடக்கூடிய ஊர் எங்களுடையது. இங்கே என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டால் பாதிப் பக்கம்கூடத் தேறாது. என்ன இல்லை என்று போடு, புத்தகமே எழுதலாம். இல்லாததைக் காட்டித்தான் நாங்கள் பரம்பரையாகப் பிழைக்கிறோம்.

முதலில் கூட்டத்தைக் கால்வாய்க்கு ஓட்டிப் போ. வடக்கே மாஸ்க் ஏரி, தெற்கே காரிப் ஏரி, நடுவில் சில மைல் நிலம். காரிப்பில் இறங்கினால் கால்வே நகரம் வரை தண்ணீர் வழிதான். ஆகவே இரண்டு ஏரியையும் இணைத்துவிட்டால் நீராவிப் படகு நேரே மேயோவுக்குள் வந்து நிற்கும் என்று 1848-இல் அரசாங்கப் பொறியாளர்கள் வெட்ட ஆரம்பித்தார்கள். படகை ஏற்றி இறக்க மதகு, கட்டி நிறுத்த மேடை, இரண்டு பக்கமும் கரை, ஒன்றிலும் குறை வைக்கவில்லை. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. எங்கள் ஊருக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வயிறெல்லாம் பொந்தும் பிளவும். மாஸ்க் ஏரியின் தண்ணீரே தரைக்கடியில் நுழைந்து, ஊருக்குள் வந்து ஊற்றாகக் கிளம்பி, காரிப்புக்குப் போய்ச் சேருகிறது. சல்லடைமேல் கால்வாய் வெட்டலாமா என்று எங்கள் ஊர் மாடு மேய்க்கும் பையனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்கவில்லை, அவனுக்குப் பட்டம் இல்லையே. 1854-இல் வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். அதற்குள் கால்வேக்கு ரயில் வந்துவிட்டது, பணத்தையும் நிறுத்திவிட்டார்கள், காரணம் ஒன்றல்ல என்று நீ படித்திருப்பாய். அதுவும் உண்மைதான். ஆனால் கூட்டம் சிரித்து முடித்த பிறகு சொல். சிரிக்கும் முன்னே விளக்கம் சொல்கிறவனுக்கு இங்கே யாரும் டிப்ஸ் கொடுத்ததில்லை.

சிரிப்பு அடங்கியதும் அந்த மதகுச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல். அது பஞ்சத்தில் எழும்பிய சுவர். உருளைக்கிழங்கு நிலத்திலேயே அழுகி, ஜனம் சாலையோரத்தில் விழுந்து செத்த காலத்தில், நிவாரணம் என்ற பெயரில் கொடுத்த வேலை. சும்மா சோறு போட்டால் சோம்பேறி ஆகிவிடுவான் என்று மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கவலை. அதனால் கல்லை உடைக்க வைத்துக் கூலி கொடுத்தார்கள். வயிற்றில் ஒன்றுமில்லாத மனிதன் செதுக்கிய கல், இன்றைக்கும் வரிசை பிசகாமல் நிற்கிறது. பொறியாளரைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கட்டும். கல் அடித்தவனைப் பார்த்து எவனாவது பல்லைக் காட்டினால், பதில் பேசாதே, விறுவிறுவென்று அடுத்த இடத்துக்கு நட. மழையில் குடை எடுக்காதவனாக அவன் இருந்தால், கொஞ்சம் சுற்று வழியாகவே நட.

அடுத்தது மடம். அங்கே ராஜாவைக் காட்ட வேண்டும். அயர்லாந்து முழுவதையும் தன் கீழ் வைத்திருந்த கடைசி அரசர் ரோரி ஓ'கானர். வெளியே நார்மன்காரர்கள் உதைத்தார்கள், வீட்டுக்குள் பெற்ற பிள்ளைகள் உதைத்தார்கள். கிரீடம் போனபின் எங்கள் மடத்தில் வந்து ஒதுங்கினார். 1198-இல் இங்கேதான் கண்ணை மூடினார். புதைத்தது மட்டும் இங்கே இல்லை. ஷானன் நதிக்கரையில், க்ளான்மக்னாய்ஸில். ஆனாலும் மடத்துத் தரையில் ஏதாவது ஒரு பழைய கல்லைக் காட்டி, 'ராஜா இதற்கு அடியில்தானா?' என்று யாராவது கேட்பார்கள். ஆம் என்று சொல்லாதே, பொய் ஆகிவிடும். இல்லை என்றும் சொல்லாதே, வயிற்றுப்பிழைப்பு போய்விடும். தொப்பியைக் கழற்றிப் பெருமூச்சு விடு. வளைவுகளில் சில கல் புதிதாகத் தெரிகிறதே என்று கெட்டிக்காரன் ஒருவன் கேட்பான். அது கின்னஸ் குடும்பத்துப் பெஞ்சமின் லீ கின்னஸ் 19-ஆம் நூற்றாண்டில் காசு போட்டுச் செப்பனிட்டது. பக்கத்து ஆஷ்ஃபோர்ட் கோட்டையை 1852-இல் வாங்கியவரும் அவர்தான். எங்கள் அப்பன் பாட்டன் குடித்துத் தீர்த்த காசு மடத்துக்கே திரும்பி வந்தது என்று சொல். பெண்கள் சிரிப்பார்கள், ஆண்களுக்குத் தாகம் எடுக்கும்.

காங் சிலுவையைப் பற்றிக் கேட்பார்கள். 1123-இல், ரோரியின் அப்பா டர்லோ காலத்தில் செய்தது. இயேசுவை அறைந்த மரத்தின் சிறு துண்டு என்று நம்பிய ஒன்றை வைத்துப் பூஜிக்கச் செய்த சிலுவை, நடுவில் பளிங்குக் கல். அதன் பெயரே எங்கள் ஊர்தான். சிலுவையோ உங்கள் டப்ளினில், தேசிய அருங்காட்சியகத்தில். அந்த மரத்துண்டு அங்கேயும் இல்லை, என்றோ தொலைந்து போயிற்று. ஆக ஊரில் சிலுவை இல்லை, சிலுவையில் மரம் இல்லை. எங்கள் பங்குச் சாமியார் ஒருவர் டப்ளினுக்குப் போய், சிலுவையைத் தூக்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார், வாசலில் பிடித்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. டப்ளின்காரன் நீ இந்தக் கதையைச் சொல்லாதே. நாங்கள் சொன்னால் வேடிக்கை, நீ சொன்னால் திருட்டு வழக்கு.

ஆற்றின் மேல் துறவிகளின் மீன் வீடு இருக்கிறதே, அது நிஜமாகவே இருக்கிறது. தரையில் ஓட்டை, ஓட்டை வழியே வலை, மீன் விழுந்தால் சமையற்கட்டில் மணி அடிக்க ஒரு கயிறு என்பார்கள். கயிறும் மணியும் காணோம், கேட்காதே.

இனி சினிமா. 1951 கோடையில் ஜான் ஃபோர்ட் இங்கே வந்து 'தி கொயட் மேன்' எடுத்தார். ஜான் வெய்ன், மொரீன் ஓ'ஹாரா. நானும் அதில் இருக்கிறேன், தம்பி. சண்டைக் காட்சியில் கூட்டத்தோடு நிற்கிறேன், வெய்னின் முதுகு மறைக்கிறது. எங்கள் ஊரில் என் வயதுக்காரர்கள் எல்லோரையும் அந்த முதுகுதான் மறைக்கிறது, அகலமான மனிதர். படத்தில் ஊருக்குப் பெயர் இனிஸ்ஃப்ரீ. அப்படி ஓர் ஊர் எங்களுக்குத் தெரிந்து கிடையாது. அதன் ரயில் நிலையம் கால்வே மாவட்டத்துப் பாலிக்ளூனினில். கதாநாயகனின் கூரை வேய்ந்த வீடு மாம் பக்கம் இடிந்து கிடக்கிறது. நாம் காட்டுவது அதைப் பார்த்துக் கட்டிய நகல். கோஹன் மதுக்கடை என்று ஒன்று வருமே, அது அப்போது மளிகைக் கடை. வந்தவர்கள் எல்லாம் ஐம்பது வருஷமாக உள்ளே நுழைந்து ஒரு பைண்ட் கேட்டார்கள். கடைசியில் அதை நிஜ மதுக்கடையாகவே மாற்றிவிட்டார்கள். சரித்திரம் தவறாக இருந்தால் புத்தகத்தைத் திருத்துவார்கள் டப்ளினில். நாங்கள் கடையைத் திருத்துவோம்.

அதே 1951-இல்தான் மேயோ கடைசியாக அகில அயர்லாந்துக் கால்பந்துக் கோப்பையை வென்றது. வென்று திரும்பிய வண்டி ஒரு சவ ஊர்வலத்துக்கு ஒதுங்கவில்லையாம், அந்த அணியில் ஒருவன் உயிரோடு இருக்கும்வரை கோப்பை கிடையாது என்று சாமியார் சபித்தாராம். அவர்களில் கடைசி மனிதர் 2021-இல் போய்ச் சேர்ந்தார். கோப்பை இன்னும் வரவில்லை. இந்தப் பேச்சை மட்டும் நீயாக எடுக்காதே. சாபம் இருந்தவரை எங்களுக்கு ஒரு மரியாதை இருந்தது.

இன்னும் ஒன்று, ஊர்க்காரன் யாராவது உன் கூட்டத்தின் நடுவே புகுந்து தவறான வருஷம் சொன்னால் திருத்தாதே. பகைத்துக்கொண்டவனை இந்த ஊர் என்ன செய்யும் என்று கேள். சில மைல் தூரத்தில், மாஸ்க் ஏரிக்கரையில், கேப்டன் பாய்காட் என்று ஒரு காரியஸ்தர் இருந்தார், எர்ன் பிரபுவின் நிலத்துக்கு. குத்தகையைக் குறைக்கக் கேட்டவர்களை வெளியேற்றப் பார்த்தார். 1880-இல் ஊர் அவரை அடிக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். அறுக்க ஆள் இல்லை, கடையில் சாமான் இல்லை, கடிதம் கொண்டுவரப் பையன் இல்லை. கேவன், மோனஹன் மாவட்டங்களிலிருந்து 50 பேரை வரவழைத்து, சிப்பாய்களும் போலீஸும் காவல் நிற்க டர்னிப் பிடுங்கினார்கள். 500 பவுன் விளைச்சலுக்கு 10,000 பவுன் செலவு என்று அப்போதே கணக்குப் போட்டார்கள். அந்த வருஷ முடிவுக்குள் அவர் குடும்பத்தோடு கிளம்பிப் போனார். இல்லாமல் இருப்பதில் எங்களுக்கு எவ்வளவு பயிற்சி என்று இப்போது புரிகிறதா?

சரி, நேரமாகிறது, உன் பேருந்து வந்துவிடும். கனமழை பெய்தால் கால்வாய்ப் பக்கம் யாரையும் கூட்டிப் போகாதே. நிலத்தடி நீர் ஏறி, அதில் தண்ணீர் நின்றுவிடும். அமெரிக்காவிலிருந்து காசு செலவழித்து வந்தவனுக்குத் தண்ணீருள்ள கால்வாயைக் காட்டினால் பணத்தைத் திருப்பிக் கேட்பான்.