மனுநீதிச் சோழர்

திங்கட்கிழமை காலையில் எந்த ஊர் கலெக்டர் ஆபீசுக்குப் போனாலும் மரத்தடியில் இவரைப் பார்க்கலாம். சென்னை என்றால் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகை. அரசாங்கம் அந்த நாளுக்கு 'மக்கள் குறைதீர்க்கும் நாள்' என்று பெயர் வைத்திருக்கிறது. இவர் 'டியூட்டி' என்பார். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். தொழில் எதுவாகவும் இருக்கலாம்: பெயின்டர், அபார்ட்மென்ட் வாட்ச்மேன், தெருமுனை இஸ்திரி வண்டி. அடையாளம் அந்தக் கட்டைப்பைதான். மகள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்தபோது கடையில் கொடுத்தது. அந்த மகளின் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. பை இன்னும் கிழியவில்லை. உள்ளே ஒரு குடும்பத்தின் வரலாறு முழுவதும் மூன்று மூன்று ஜெராக்ஸாக இருக்கிறது.

இவர் கேட்பது ஒரே ஒரு வீடு. வாரியம் கட்டிக் கொடுக்கும் வீடு. வாரியம் என்றால் எந்த வாரியம் என்பதில் இவர் கறாரானவர். பக்கத்தில் யாராவது "ஹவுசிங் போர்டு வீட்டுக்கு எழுதிப் போட வந்தேன்" என்று வாயைத் திறந்துவிட்டால் போயிற்று.

"ஹவுசிங் போர்டு வேற, ஸ்லம் போர்டு வேற. அது 1961ல வந்தது, விக்கிறது. இது 1970ல கலைஞர் கொண்டாந்தது, ஒதுக்கறது. விக்கிறதுக்கும் ஒதுக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாம மனு குடுத்தா, அது அங்க போயி, இங்க வந்து, திரும்ப அங்க போகும்."

அது எத்தனை மாதம் போய் வரும் என்பதும் இவருக்குத் தெரியும்.

குடிசை மாற்று வாரியத்தின் பெயரை 2021இல் 'தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாற்றினார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பெயர் மாற்றத்தால் தனிப்பட்ட முறையில் பாதிக்கப்பட்ட ஒரே மனிதர் இவராகத்தான் இருக்க வேண்டும். தேதியும் கையெழுத்தும் தவிர எல்லாம் எழுதித் தயாராக வைத்திருந்த மனுக்கள் அத்தனையிலும் 'பெறுநர்' பகுதியை அடித்து எழுத வேண்டியதாயிற்று. புதுப் பெயர் ஒரு வரியில் அடங்கவில்லை என்பது இவருடைய நிரந்தர வருத்தம்.

இவர் மனுவின் நடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரண ஆட்களின் மனுவில் அனுப்புநர், பெறுநர், பொருள், அதற்குக் கீழே கண்ணீர். இவர் மனுவில் கண்ணீருக்கு இடமில்லை. 'பொருள்: வீடு ஒதுக்கீடு கோருதல் – தொடர்பாக.' அடுத்து 'பார்வை' என்று ஒரு பகுதி வரும். அதில் இதுவரை கொடுத்த மனுக்களின் நாள், எண், ஒப்புகைச் சீட்டு விவரம், வந்த பதில்களின் கடித எண், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விகள் எல்லாம் வரிசையாக நிற்கும். பார்வை ஒன்றரைப் பக்கம், கோரிக்கை மூன்று வரி. பிரிவு எழுத்தர்களே இவர் மனுவை மாதிரிக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம். கோப்பில் காணாமல் போன பழைய கடிதம் ஏதாவது வேண்டுமென்றால் அலுவலகமே இவரிடம் கேட்டு வாங்குமளவுக்கு நிலைமை முன்னேறியிருக்கிறது.

2015இல் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் வந்து, 2022க்குள் அனைவருக்கும் வீடு என்று அறிவித்தபோது இவர் அந்த வருடத்தைப் பையின் உள்பக்கம் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டார். 2023 பொங்கல் முடிந்த கையோடு ஒரு மனு போனது: 'மேற்படி அனைவரில் நானும் ஒருவன் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' மனு பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. இந்தப் பதில்களை அவர் தரம் பிரித்து வைத்திருக்கிறார். 'பரிசீலனையில் உள்ளது' என்றால் உயிர் இருக்கிறது. 'சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டது' என்றால் மயக்கம். 'மனு முடித்து வைக்கப்பட்டது' என்றால் அடுத்த திங்கட்கிழமை புதிதாகப் பிறக்க வேண்டும். ஒரு முறை கலெக்டர் கையிலேயே மனுவைக் கொடுத்து, அவர் ஓரத்தில் பச்சை மையில் ஏதோ கிறுக்கியதன் நகல் கிடைத்தது. அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை.

இவர் தேர்ச்சி பெற்றிருக்கும் துறை, இல்லாததை நிரூபிப்பது. இருப்பதை நிரூபிக்க ஒரு பத்திரம் போதும். இல்லாததை நிரூபிக்க ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வங்கிப் பாஸ்புக், வருமானச் சான்று, புகைப்படம் எல்லாம் வேண்டும். இவற்றுக்கு மேல், இந்தியாவில் எந்த மூலையிலும் தனக்கோ மனைவிக்கோ கல்யாணமாகாத பிள்ளைகளுக்கோ பக்கா வீடு கிடையாது என்று ஓர் உறுதிமொழி. ராமேஸ்வரமே போகாதவர் காஷ்மீரில் தனக்கு வீடில்லை என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். போட்டுத் தருகிறார்.

பெயர் ஒரு தனிக் கதை. ரேஷன் கார்டில் இனிஷியல் முன்னால். ஆதாரில் அப்பா பெயர் பின்னால். வாக்காளர் அட்டையில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவுக்கே தெரியாத ஒருவர். மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்பதற்கு ஒரு சான்று, அந்தச் சான்றில் ஒரு எழுத்துப்பிழை.

வருமானச் சான்றில்தான் இவருடைய மேதைமை தெரியும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று படி ஏறி வரும் அந்தத் தாளில் எத்தனை ரூபாய் இருக்கும் என்று ஆளைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார். மருத்துவக் காப்பீட்டுக்கு 72,000 ரூபாய் வரம்பாக இருந்த காலத்தில் தமிழ்நாட்டு ஏழைகளில் பெரும்பாலோர் சொல்லி வைத்தாற்போல் 72,000 சம்பாதித்தார்கள். வரம்பு 1,20,000 ஆனதும் எல்லோருக்கும் ஒரே நாளில் சம்பள உயர்வு. வீட்டுத் திட்டத்தில் கதை வேறு. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்கு ஆண்டுக்கு மூன்று லட்சம் வரை போகலாம்.

வீட்டு வேலை செய்யும் ஒரு பெண் முதல் தடவையாக வந்து, கையில் விண்ணப்பத்தோடு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, வருமானத்துல என்னா எழுதியிருக்க? நாலு லட்சமா?"

"அவரு ஆட்டோ ஓட்றாருண்ணா. நல்லாதான் ஓட்றாரு. அதான்…"

"உன் வீட்டுக்காரர் பெருமைய மாமியாகிட்ட சொல்லு, கவர்மென்ட்டுகிட்ட சொல்லாத. பெட்ரோல், டியூ, ரிப்பேர் எல்லாம் கழிச்சியா?"

"கழிக்கணுமாண்ணா?"

"கழிச்சிட்டு மிச்சத்தப் பாரு."

கழித்துப் பார்த்தார்கள். மிச்சம் மூன்று லட்சத்துக்கு ரொம்பக் கீழே இருந்தது. அந்தப் பெண்ணின் முகம் அதுவரை தெரியாமல் இருந்த ஒன்றைத் தெரிந்துகொண்டதுபோல் ஆகிவிட்டது. இவர் அவசரமாகப் பேச்சை மாற்றி, விண்ணப்பத்தில் முதல் பெயராக அவருடைய பெயரையே எழுதச் சொன்னார். வீடு குடும்பத் தலைவி பெயரிலோ இருவர் பெயரிலும் சேர்த்தோதான் வரும் என்பது திட்டத்தின் விதி. "ஆட்டோ அவருக்கு, வீடு உனக்கு" என்றதும்தான் அந்த அம்மாள் சிரித்தார்.

இத்தனைக்கும் இவர் வாங்குவது ஒரு டீ. வடையை வற்புறுத்தினால் ஒப்புக்கொள்வார். வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா, காதில் ஓயாத போன் என்று சுற்றிவரும் புரோக்கர்களைக் கண்டால்தான் இவருக்கு ரத்தம் கொதிக்கும். 'போர்டு வீடு வாங்கித் தர்றேன், மேலிடத்துல ஆள் இருக்கு' என்று நகையை அடகு வைக்கச் செய்து முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிற கூட்டம் அது. அப்படி ஒருவன் வளாகத்தில் தென்பட்டால், இவர் பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே நடப்பார். ஒன்றும் பேச மாட்டார். அவன் யாரிடம் நின்றாலும் இவரும் அங்கே நிற்பார். புரோக்கருக்கு வியாபாரம் நடக்காது.

வாசலில் போலீஸ்காரர்கள் வருகிறவர்களின் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். 2017இல் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்ததை யாரும் மறந்துவிடவில்லை. இவர் பையைத் திறக்க மட்டும் அவர்களுக்குத் தயக்கம். திறந்தால் ஒவ்வொரு தாளுக்கும் விளக்கம் வரும்.

இவ்வளவு தெரிந்தவருக்கு ஏன் இன்னும் வீடு கிடைக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கூவத்தின் கரையிலோ அடையாற்றின் கரையிலோ குடிசை போட்டிருந்தால், ஆற்றைச் சீரமைக்க வருகிறவர்கள் கணக்கெடுத்து, டோக்கன் கொடுத்து, பெரும்பாக்கத்துக்கு லாரி ஏற்றியிருப்பார்கள். அதில் அழுகை உண்டு; ஆனால் கடைசியில் ஒரு சாவி உண்டு. இவர் ஆக்கிரமிப்பாளர் இல்லை. ஒழுங்காக வாடகை கொடுத்துக் குடியிருப்பவர். ஒரே அறை, பொதுக் குழாய், மோட்டாருக்குத் தனிக் காசு. பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார். இவர் பக்கத்துத் தெருவுக்கோ பக்கத்துப் பேட்டைக்கோ போவார். போனால் ஆதாரில் முகவரி மாற்ற வேண்டும், ரேஷன் கார்டில் மாற்ற வேண்டும். பேட்டை மாறினால் தாலுகா மாறும், தாலுகா மாறினால் கோப்பும் மாறும். கோப்பு தன் புதிய மேசையைக் கண்டுபிடித்து, அங்கே தூசி தட்டப்பட்டு, கள விசாரணைக்கு ஆள் வரும்போது இவர் மறுபடி வீடு மாறியிருப்பார். விசாரணை அறிக்கை ஒரே வரி: 'மனுதாரர் மேற்படி முகவரியில் வசிக்கவில்லை.'

வசிக்க வீடில்லை என்றுதானே மனு போட்டார் என்று யாரும் கேட்பதில்லை. இவரும் கேட்பதில்லை. அந்த வரியைப் 'பார்வை'யில் சேர்த்துக்கொண்டு அடுத்த மனுவை எழுதுவார்.

ஒரு தடவை கைக்கு எட்டியது. குலுக்கலில் இடம் வரும்போல இருந்தது. மத்திய அரசு பங்கு ஒன்றரை லட்சம், மாநில அரசு பங்கு ஒன்று, அதற்குப் பிறகு பயனாளி பங்குத்தொகை என்று மிச்சம் ஒன்று. பயனாளி என்ற சொல்லுக்கு முதல் தடவையாகப் பொருள் புரிந்தது. வீடோ நகரத்தை விட்டுத் தள்ளி, இவர் வேலை பார்க்கும் மயிலாப்பூரிலிருந்து இரண்டு பஸ். விடிவதற்கு முன் கேட் திறக்க வேண்டிய வாட்ச்மேனுக்கு அது கட்டுப்படியாகாது. விட்டுக்கொடுத்தார். கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் போனவர்களில் எத்தனையோ பேர் வேலையைத் தேடி விடியற்காலையில் அதே பழைய பேட்டைக்கு பஸ் ஏறி வருவதை இவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஏழைக்கு வீடு வேலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது பெரிய தத்துவம் இல்லை. ஆனால் நிலத்தின் விலையை யோசிக்கிறவர்கள் அதை யோசிப்பதில்லை.

இவருடைய மனைவி கலெக்டர் ஆபீஸ் பக்கமே வருவதில்லை. கிடைத்தால் வீடு தன் பெயரில்தான் என்று தெரிந்தும் வருவதில்லை. "வீடு வந்துட்டா திங்கக்கெழம இவரு எங்க போவாரு?" என்பது அந்த அம்மாளின் கேள்வி. பதில் சொல்லிவிட முடியாத கேள்வி. இவரிடம் எழுதி வாங்கிப் போனவர்களில் சிலருக்கு வீடு கிடைத்து, சுண்ணாம்பு மணக்கும் ஹாலில் பால் காய்ச்சி, இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். இவர் முதலில் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார். அப்புறம் சுவரில் விரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். கிரகப்பிரவேசம் அதோடு முடிந்தது. பால் டம்ளரை வைத்துவிட்டு, "ஒதுக்கீட்டு ஆணைய மூணு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

நீங்களோ உங்கள் வீட்டில் வேலை செய்கிறவரோ வாரிய வீட்டுக்கு மனுப் போடுவதாக இருந்தால், புரோக்கரிடம் போகாதீர்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு முன்பே போய், கட்டைப்பை வைத்திருப்பவர் யாரென்று பாருங்கள். எல்லா நகலிலும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஆதார் எண்ணின் மேல் ஸ்டேப்ளர் பின் விழக் கூடாது. பேனா உங்களுடையதாக இருக்கட்டும். அதை மட்டும் அவர் இரவல் தர மாட்டார்.