நாய்க்கு விதிக்கப்படும் தனிச்சிறை: ஓர் ஆய்வு

செருப்பைக் கடித்த நாயைக் குளியலறையில் விட்டுக் கதவைச் சாத்துவது அற்பச் செயல் என்பார் உளர். அவர் கூற்று பொருந்தாது. என்னையெனின், இதற்கு வரலாறு உண்டு. ஃபெர்ஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1958இல் சிம்பன்சிகளையும் புறாக்களையும் வைத்து, இரை கிடைக்கும் வாய்ப்பைச் சற்று நேரம் நிறுத்தினால் அவற்றின் நடத்தை எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தார். 'டைம் அவுட்' எனும் அம்முறை பிறகு குழந்தைகளுக்கும் அங்கிருந்து நாய்களுக்கும் இறங்கி வந்தது. ஏறி வந்தது என்பாரும் உளர்.

அடியாமல், நாய் விரும்புவதை விலக்குவதே இதன் சாரம். நாய் பெரிதும் விரும்புவது நம் கவனத்தை. "சனியனே" என்று கத்துவதும் கவனமே ஆதலின், வாய் பேசாது அழைத்துச் செல்ல வேண்டும். குற்றம் நடந்த சில நொடிகளுக்குள் தண்டனை தொடங்கிவிட வேண்டும். அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை போதும். குரைக்கும்போது கதவைத் திறந்தால், குரைத்தால் கதவு திறக்கும் என்பதையே அது கற்கும்.

இனி நம் வீடுகளில் நடப்பது. காலையில் கடிபட்ட செருப்பை மாலையில் அலுவலகம் விட்டு வருபவர் காண்கிறார். ஜிம்மி தலையைத் தொங்கப்போட்டு வாலைச் சுருட்டுகிறது. "முழியைப் பார், செஞ்சது தெரியுது" என்று அங்கேயே தீர்ப்பு. அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் 14 நாய்களைக் கொண்டு வெளியிட்ட ஆய்வு இச்சான்றைத் தகர்க்கிறது: அந்த முகம் திட்டுக்கு எதிர்வினையேயன்றிக் குற்ற ஒப்புதல் அன்று. தவறே செய்யாத நாய்தான் திட்டு வாங்கும்போது கூடுதலாக அந்த முகத்தைக் காட்டியது.

அடுத்து, சிறையின் தன்மை. அக்னி நட்சத்திரத்தில் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் குளியலறையின் ஈரத்தரை. நாய் உள்ளே கால் நீட்டிப் படுக்க, தண்டித்தவர் வெளியே வியர்வையில் நின்று கடிகாரம் பார்க்கிறார். சிறைப்பட்டவர் யார் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு தோன்றக்கூடும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தடை மேல்முறையீட்டு நீதிமன்றம். அது கூடத்துச் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கிறது. "வாயில்லா ஜீவன்டா, பாவம், திறந்து விடு" என்கிறார் பாட்டி. செருப்பைக் கடித்த உறுப்பு எது என்ற வினா அங்கே எடுபடாது. விடுதலையோடு இழப்பீடாக ஒரு பொறையும் வழங்கப்படுகிறது. ஆக, செருப்பைக் கடித்தால் ஈரத்தரை, பிறகு பொறை என்ற வரிசையை ஜிம்மி ஐயந்திரிபறக் கற்றுத் தேர்கிறது. மாணவரிடம் பிழையில்லை.

முடிபு: செருப்பை நாய்க்கு எட்டாத உயரத்தில் வைக்க. தண்டித்தே தீர வேண்டுமெனில், நாயைக் கூடத்திலேயே விட்டுவிட்டு வீட்டார் அனைவரும் ஒரு நிமிடம் வெளியேறிக் கதவைச் சாத்திக்கொள்க. பயிற்சியாளர்கள் சிலர் பரிந்துரைக்கும் முறைதான் இது. பாட்டிக்கும் விலக்கில்லை. திரும்பி வரும்போது அவர் முந்தானையைச் சோதிக்கவும்.