கியர்பாக்ஸ் மேஸ்திரி

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரியை நோக்கி வரும் நெடுஞ்சாலையில், ஓசூரையும் சூளகிரியையும் கடந்த பின்னர் எதிர்ப்படும் குந்தாரப்பள்ளியில், வெள்ளிக்கிழமைதோறும் ஆடு வாங்குவோரும் விற்போரும் கூடுகின்ற பிரசித்தமான சந்தை ஒன்று உண்டு. ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயதைச் சொல்லிவிடுகிற சமர்த்தர்களை அங்கே காணலாம். அவர்களுக்கு எவ்விதத்திலும் குறையாத சாமர்த்தியத்தோடு, லாரியின் வயிற்றைத் திறந்து பற்சக்கரத்தின் பல்லைப் பார்த்து அதன் வயதையும், அதை ஓட்டியவனுடைய குணத்தையும், அவனுடைய முதலாளியின் கஞ்சத்தனத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற மற்றொரு ஜாதி மனிதர் அந்தச் சாலையோரத்துத் தகரக் கொட்டகைகளில் வாசம் செய்கிறார். அவர்தான் கியர்பாக்ஸ் மேஸ்திரி.

வாடிக்கைக்காரரிடம் தமிழ், லேத் பட்டறைக்காரரிடம் தெலுங்கு, தொலைபேசியில் பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைக்காரரிடம் கன்னடம், வடநாட்டு லாரிக்காரரிடம் ஹிந்தி என்று பாஷைகளை ஒழுங்காகப் பங்கிட்டுப் பேசும் இவர், ஸ்பேனரைத் தவறவிட்ட பையனை வைகிற சமயத்தில் மட்டும் நான்கையும் பாரபட்சமின்றிக் கலந்து உபயோகிப்பார். வண்டியின் நோயைக் கண்டறிய இவருக்கு வேண்டிய ஒரே உபகரணம் ஒரு நீண்ட திருப்புளி. அதன் நுனியைக் கியர்பாக்ஸின் மேலும் பிடியைத் தம் காதின் மேலும் வைத்து, கண்களை மூடி, சங்கீத வித்துவான் சுருதி பார்க்கும் பாவனையில் சற்று நேரம் நின்றுவிட்டு, "மெயின் ஷாஃப்ட் பேரிங் போச்சு சார்" என்று தீர்ப்புக் கூறுவார். பெரும்பாலும் அது போயிருக்கும்.

இவருடைய சித்தாந்தங்கள் மூன்று. முதலாவது, தமக்கு முன்னால் அந்த வண்டியில் கைவைத்தவன் யாராயிருந்தாலும் அவன் தொழில் தெரியாதவன். இரண்டாவது, கம்பெனிக்காரன் அச்சிட்டுத் தரும் புத்தகம், வேலை தெரியாதவர்களுக்காக வேலை செய்யாதவர்கள் எழுதியது. மூன்றாவது, உலகத்திலுள்ள கியர்பாக்ஸ்கள் எல்லாம் லேலண்ட் கியர்பாக்ஸுக்கு உறவு. சில நெருங்கிய உறவு, சில தூரத்து உறவு, அவ்வளவே பேதம். ஓசூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலை ஏற்பட்ட 1980-ஆம் ஆண்டுக்கு முந்திய காலத்தை இவர் சரித்திரமாகவே ஒப்புக்கொள்வதில்லை.

இத்தகைய மனிதரின் முழுப் பரிமாணத்தையும் காண வேண்டுமானால், அவர் கண்டிராத யந்திரம் ஒன்றை அவர்முன் வைக்க வேண்டும். பழைய வாகனங்களைச் சேகரிப்பதையே ஜன்ம சாபல்யமாகக் கொண்ட பெங்களூர்க் கனவான் ஒருவர், நிலத்திலும் நீரிலும் செல்லக்கூடிய ஆறு சக்கர வாகனமொன்றை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு குந்தாரப்பள்ளியில் வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1960-களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் வேட்டைக்காரர்களுக்கும் சதுப்பு நிலவாசிகளுக்குமாகத் தோன்றிய விசித்திரப் பிறவி அது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 1962-இல் பற்சக்கரத் தொழிலுக்கென்றே ஏற்பட்ட ஒரு கம்பெனிதான், பின்னர் 'ஆர்கோ' என்ற பெயரில் இவ்வகை வாகனத்தைச் செய்து புகழ்பெற்றது என்பதிலிருந்தே, இதன் ஜீவன் எங்கே இருக்கிறது என்பது விளங்கும். தொட்டியைப் போன்ற உடல். காற்று குறைவாகப் பிடித்த ஆறு பருத்த டயர்கள். தண்ணீரில் இறங்கினால் சுழலும் அந்த டயர்களே துடுப்பு. ஸ்டியரிங் சக்கரம் கிடையாது. அதற்குப் பதிலாக இரண்டு நெம்புகோல்கள்.

மேஸ்திரி ஆச்சரியப்படுவார் என்று கனவான் காத்திருப்பார். மேஸ்திரியோ ஆச்சரியத்தைத் தொழிலுக்கு விரோதமான குணமாகக் கருதுகிறவர்.

"லிவரை இழுத்தா அந்தப் பக்கத்துச் சக்கரம் நிக்கும், வண்டி அந்தப் பக்கம் திரும்பும். அவ்ளோதானே சார்? நம்ம கிரானைட் குவாரியில புல்டோசர் இப்படித்தானே திரும்புது?"

இது போர்க்-வார்னர் கம்பெனியின் டி-20 என்னும் அபூர்வமான டிரான்ஸ்மிஷன் என்று கனவான் தழுதழுத்த குரலில் தெரிவிப்பார். மேஸ்திரி அதைக் காதில் வாங்காமல், எஞ்சினிலிருந்து வரும் ரப்பர் பெல்ட்டைச் சுட்டிக்காட்டி, ஓசூர் ஸ்கூட்டரில் ஓடுவதும் இதே தினுசுதான் என்று பையனுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

திறப்பு விழாவில் ஒரு சிறு விக்கினம் நேரும். அமெரிக்க போல்ட்டின் தலை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் நுழையாது, பதின்மூன்றாம் நம்பரோ லொடலொடக்கும். "அந்த ஊர்க்காரனுக்குப் பதிமூணு எண்ணத் தெரியல" என்று ஒரு தேசத்தையே கண்டித்துவிட்டு, மூலையில் கிடக்கும் பழைய அங்குல ஸ்பேனரைத் தேடி எடுப்பார். உள்ளேயிருந்து வரும் எண்ணெய் மோர் நிறத்தில் இருக்கும். ஐம்பது வருஷத்தில் இறுகிப்போன ஆயில் சீல்களின் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. நடுப் பற்சக்கரத்தைச் சிறு பற்சக்கரங்கள் வலம்வருகிற 'பிளானட்டரி' அமைப்பும், அது சுழலும் டிரம்மை இறுகப் பிடித்தும் தளர விட்டும் ஆளுகின்ற பட்டைகளும் அப்பொழுது வெளிப்படும். நெம்புகோலை எவ்வளவு இழுத்தாலும் வண்டி சொன்னபடி கேளாமைக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

"கிரகம் எல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு. பட்டைதான் தேஞ்சு போச்சு."

அமெரிக்காவிலிருந்து பட்டைகளைத் தருவிக்க ஆறு மாதமாகுமே என்று கனவான் கவலைப்படுவார். மேஸ்திரியோ, பழைய லைனிங்கைச் சுரண்டிவிட்டு அதே கனத்தில் புதியதை ஒட்டச் சொல்லிப் பையனை அனுப்பிக்கொண்டிருப்பார். எண்ணெயில் ஊறும் பட்டைக்குச் சாதாரண லைனிங் உதவாதே என்று, புத்தகம் படித்தவராகிய கனவான் ஓர் ஆட்சேபத்தைக் கிளப்புவார். "டிராக்டருக்கு ஆயில் பிரேக் வந்து எத்தனை வருசம் ஆச்சு சார்?" என்ற ஒரே வினாவில் அந்த ஆட்சேபம் அடங்கிவிடும். பேரிங்கைத் துடைத்துப் பார்த்தால் 6205 என்று பொறித்திருக்கும். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்க உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, கனம் 15. உலகமெங்கும் ஒரே கணக்கு. அங்குலமே வேதம் என்றிருந்த அமெரிக்கனும் பேரிங் விஷயத்தில் தம்முடைய வழிக்கு வந்துவிட்டான் என்பதில் மேஸ்திரிக்கு உண்டாகும் திருப்தி சொல்லி முடியாது.

இவ்வளவும் முடிந்து, வண்டி கொட்டகை வாசலில் இடமும் வலமும் கீழ்ப்படிதலோடு திரும்பிக் காட்டிய பிறகு, கனவான் உற்சாக மிகுதியால், "மேஸ்திரி, அப்படியே கிருஷ்ணகிரி அணைக்குப் போய்த் தண்ணீரில் ஒரு சுற்று விட்டுப் பார்ப்போமா?" என்பார். அதுவரை உலகத்தின் சகல யந்திரங்களுக்கும் உறவுமுறை சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அப்பொழுது இரண்டடி பின்வாங்குவார்.

"கியர்பாக்ஸ் என் பொறுப்பு சார். மிதக்கிறது பாடிக்காரன் பொறுப்பு. அவனைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

இந்த வாக்கியத்திற்காகவே மேஸ்திரியை நான் பெரிதும் மதிக்கிறேன். மூன்று சித்தாந்தங்களிலும் இவருக்குள்ள பிடிவாதத்தைக் கண்டு சிரிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இவருடைய சர்வக்ஞத்துவம் ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடங்கியது. அதன் மூடியின் கடைசி போல்ட்டோடு அது முடிந்துவிடுகிறது என்பதை இவரே அறிவார். நம்மில் எத்தனையோ பிரமுகர்கள், எந்தப் பெட்டியையும் திறந்து பார்த்த அனுபவமில்லாமல், நிலத்தைப் பற்றியும் நீரைப் பற்றியும், சில சமயங்களில் ஆகாயத்தைப் பற்றியுங்கூட, உத்தரவாதம் கொடுத்துக்கொண்டு திரிகிறார்கள். அவர்களுடைய உத்தரவாதத்தை நம்பி மூழ்கியவர்கள் கணக்கற்றவர்கள். மேஸ்திரியை நம்பிய யாரும் இதுவரை மூழ்கியதில்லை. கூலி மட்டும் சற்று அதிகமாக வாங்குவார். முன்னால் கைவைத்தவன் செய்த பாவத்துக்கும் சேர்த்து.