சொல் பேச்சு கேட்காத படகு

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. அவலூர்பேட்டை ஏரிக்கரையில் பையன்கள் பதினைந்து பேர், மாடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர், வேலை வெட்டி இல்லாத நாய் இரண்டு. தண்ணீரில் நாலடி நீளச் சிவப்புப் படகு ஒன்று காதைப் பிளக்கும் சத்தத்தோடு வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கரையில் நின்று ரிமோட்டின் சக்கரத்தை முறுக்கிக்கொண்டிருந்தவர் இந்தக் கட்டுரையாளர். அவர் இடப்பக்கம் திருப்பினால் படகு வலப்பக்கம் போனது. வலப்பக்கம் திருப்பினாலும் வலப்பக்கமே போனது.

"அண்ணா, நீ ஓட்டுறியா, அதுவா ஓடுதா?" என்றான் ஒரு பையன். நியாயமான கேள்வி.

படகுக்குப் பெயர் பாராசாரி. தேசிங்கு ராஜன் டெல்லிக்குப் போய் அடக்கியதாகக் கதைப்பாடல் சொல்லும் குதிரையின் பெயர் அது. செஞ்சிப் பக்கத்துக்காரர் வேறென்ன பெயர் வைப்பார்? குதிரை அடங்கியதற்குப் பாட்டு இருக்கிறது. படகு அடங்கவில்லை என்பதற்கு ஊரே சாட்சி.

இந்தப் பித்து பிடித்தது சின்ன வயதில். மேல்மலையனூர் மயானக் கொள்ளைக்குப் போனபோது கடையில் ஒரு தகரப் படகு வாங்கிக் கொடுத்தார்கள். உள்ளே எண்ணெய்த் திரியைக் கொளுத்தி அண்டாத் தண்ணீரில் விட்டால் பட் பட் பட் என்று சுற்றும். உள்ளிருக்கும் குழாயில் உள்ள தண்ணீர் சூட்டில் ஆவியாகிப் பின்னால் பீய்ச்சும். ஆவி குளிர்ந்ததும் மறுபடி தண்ணீரை உறிஞ்சும். அவ்வளவுதான் இன்ஜின். பழுது என்றால் ஒன்றே ஒன்று: எண்ணெய் தீர்ந்துவிட்டது. அந்தச் சுகத்தோடு நின்றிருக்கலாம். ஆசை ரேடியோ படகில் போய் நின்றது.

ரேடியோவில் ஓடிய முதல் வாகனம் எது என்று கேட்டால் பலர் விமானம் என்பார்கள். படகுதான். 1898 நவம்பர் 8-ஆம் தேதி நிகோலா டெஸ்லா அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார், எண் 613,809. அதை வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் 64-இன் கனமூலம் என்ன என்று கேட்க, படகின் விளக்கு நாலு தடவை மின்னியதாகச் சொல்வார்கள். அவலூர்பேட்டையில் படகிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. மாட்டுக்காரப் பெரியவர் மட்டும், "இது எப்ப நிக்கும்?" என்றார்.

எண்ணெய் தீர்ந்ததும் நின்றது, ஏரி நடுவில். லாரி டியூபில் மிதந்தபடி வலை போட்டுக்கொண்டிருந்த மீன்காரர் அதைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார். நூறு ரூபாய். மூன்றாம் வாரம் அவரே, "சார், மாசத்துக்கு ஒரு கணக்கா வெச்சுக்கலாமா?" என்றார்.

முதலில் வாங்க நினைத்தது சின்ன நைட்ரோ இன்ஜின். அதன் உணவு மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்தது. ஆனால் 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பல உயிர்களைக் குடித்த விழுப்புரம் மாவட்டம் இது. இங்கே ஒரு கடையில் போய் "மெத்தனால் இருக்கா, பொம்மைப் படகுக்கு" என்று கேட்டால் கடைக்காரர் எந்த எண்ணுக்கு போன் போடுவார் என்று யோசிக்கத் தேவையில்லை. எனவே 26 சிசி பெட்ரோல் இன்ஜின். லிட்டருக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்தால் போதும். ரேடியோ மட்டும் பழையது, 27 மெகாஹெர்ட்ஸ், ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கியது. ஏரியல் ஒரு மீட்டருக்கு மேல் நீளும். பார்ப்பதற்குத் தூண்டில் போட வந்தவர் மாதிரிதான் இருக்கும். இப்போது வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகளுக்கு விரல் நீள ஏரியல் போதும். விலையைக் கேட்ட இடத்திலேயே கட்டுரையாளர் பழைய செட்டின் ரசிகராகிவிட்டார்.

படகு வட்டமடித்தால் பழி ரேடியோ மீதுதான் என்று அவர் முடிவு கட்டினார். ரிசீவரில் தண்ணீர் போயிருக்கும் என்று சந்தைக் கடையில் பலூன் வாங்கி, ரிசீவரை அதற்குள் திணித்து, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கினார். சிரிக்க வேண்டாம், உலகம் முழுக்க மாடல் படகுக்காரர்கள் செய்கிற வேலைதான். படகு வட்டமடித்தது. பேட்டரி மாற்றினார். வட்டமடித்தது. சுக்கானைத் திருப்பும் செர்வோ மோட்டாரைப் புதிதாக வாங்கிப் போட்டார். புது செர்வோவோடு வட்டமடித்தது. நடுவில் ஒரு நாள் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்த் துளையில் பாசி அடைத்து, புகை வந்து, அதுவும் ரேடியோக் கோளாறு என்றே கணக்கில் எழுதப்பட்டது.

கடைசியில் போன இடம் ஸ்பிரேயரும் புல் வெட்டும் மெஷினும் பழுது பார்க்கும் பட்டறை. மெக்கானிக் மூடியைத் திறந்ததும் முகம் மலர்ந்தார்.

"இது நம்ம மருந்தடிக்கிற மெஷின் இன்ஜினாச்சே சார். கப்பல்ல வெச்சிருக்கீங்க?"

தப்பில்லை. இந்த அளவு மாடல் படகு இன்ஜின்கள் பலவற்றுக்கு மூதாதை புல் வெட்டும் மெஷின்தான். ஆனால் ரேடியோவைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று கட்டுரையாளர் மனதில் ஓர் இளக்காரம்.

"இன்ஜின் ஓடாதப்ப சுக்கான் ஒழுங்கா திரும்புதா?"

திரும்பியது. முப்பதடி தள்ளிப் போய் ரிமோட்டை ஆட்டினாலும் திரும்பியது.

"இப்ப கயித்த இழுங்க."

இழுத்தார். இன்ஜின் பிடித்ததும் சுக்கான் வெடவெடவென்று நடுங்கி வலப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. கயிறு இழுப்பதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும் என்ற யோசனை இரண்டு மாதமாக வராதவர், அந்த இரண்டு நிமிடத்தை மறக்க விரும்புகிறார்.

மெக்கானிக் பிளக்கைக் கழற்றினார். "யார் மாத்துனது?"

கட்டுரையாளர்தான். பழைய பிளக்கில் கரி படிந்ததால் செஞ்சியில் ஒன்று வாங்கி மாட்டியிருந்தார். அதே மரை, அதே உயரம். எண்ணில் ஓர் எழுத்து மட்டும் குறைந்தது: ஆர். அந்த எழுத்து இருந்தால் பிளக்குக்குள் சுமார் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது என்று பொருள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தீப்பொறியும் ஒரு குட்டி ரேடியோ நிலையமாகிவிடும். அந்தக் காலத்தில் தெருவில் மொபட் போனால் தூர்தர்ஷனில் கோடு கோடாக ஓடுமே, அதேதான். ஒலியும் ஒளியும் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாராசாரியின் ரிசீவர் இருந்தது பிளக்குக்கு ஒரு முழம் தள்ளி. கரையிலிருந்து எஜமானர் கத்துவது அதற்கு எப்படிக் கேட்கும்?

ஆர் போட்ட பிளக்கு தேடிக் கிடைத்தது திருவண்ணாமலையில். மாட்டி, கயிற்றை இழுத்து, நூறடி தள்ளி நின்று திருப்பியபோது சுக்கான் மாமியார் வீட்டு மருமகன் போல் மரியாதையாகத் திரும்பியது. கூலியாக ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்ட மெக்கானிக், பலூனை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் பங்குனி வந்துவிட்டது. ஏரியில் கணுக்கால் தண்ணீர், அதில் கொக்கு. செஞ்சிக் கோட்டைக்குள் செட்டிகுளமும் சக்கரகுளமும் இருக்கின்றன. ஆனால் 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமான இடத்தில் பெட்ரோல் படகு விட நினைப்பவருக்கு வேறு வகைப் பழுது பார்க்க வேண்டும்.

இனி ஐப்பசி மழைக்குத்தான் தண்ணீர். பாராசாரி பரணில், பழைய மிக்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆர் போட்ட பிளக்கை மட்டும் போன வாரம் மெக்கானிக் வந்து கழற்றிக்கொண்டு போனார். யாரோ ஒருவர் நெல்லுக்கு அவசரமாக மருந்தடிக்க வேண்டுமாம்.