சும்மா இருப்பவருக்குக் கட்டணம்

பொதுத்துறை வங்கியில் அறுபது வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளோடு சீட்டைக் கிழித்துவிடுவார்கள். என் தலைமுறையில் பாதிப் பேருக்கு அது மே 31. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்த அப்பாக்களிடம் எதுவும் கேட்காமல் ஹெட்மாஸ்டரே ஒரு மே மாதத் தேதியைப் பிறந்த நாளாக எழுதிக்கொண்ட காலம் அது. எனக்கும் மே 31தான். சால்வை, சந்தன மாலை, குரூப் போட்டோ எல்லாம் முறைப்படி முடிந்தன.

ஜூன் 1 முதல் தஞ்சாவூரே எனக்கு வழிகாட்டப் புறப்பட்டது. மைத்துனர் மாடித் தோட்டம் போடச் சொன்னார். மாடி வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் ஏஜென்சி எடுக்கச் சொன்னார். பால்காரர் மட்டும் எதுவும் சொல்லாதிருந்தார். ஒரு வாரம் கழித்து, "மாடு ஒண்ணு வாங்கி விடுங்களேன் சார்" என்றார்.

பெங்களூரு மகளுக்கு விஷயம் எட்டியது. "அப்பா, உங்களுக்கு ஒரு கோச் புக் பண்ணியிருக்கேன். வேலை மாறுறவங்க, ரிட்டயர் ஆனவங்களுக்கெல்லாம் வழி காட்டுவாங்க. ஜூம்ல வருவாங்க." ஒரு மணி நேரக் கட்டணத்தைக் கேட்டேன். 1989இல் நான் கிளார்க்காகச் சேர்ந்தபோது இரண்டு மாதம் உழைத்தால் வரும் சம்பளம்.

திரையில் வந்த பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும். "ஹாய் சுந்தர்!" என்றார். முப்பத்தைந்து வருடம் 'சார்' என்றே கேட்டுப் பழகிய காது. வேறு யாரோ சுந்தர் வந்திருக்கிறானோ என்று திரும்பிப் பார்த்தேன். "நான் இனிமே என்னம்மா செய்யலாம்?" என்று நேராகவே கேட்டேன். "அதை நான் சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபிடிப்பீங்க" என்றார். நம் ஊரில் அறிவுரை இலவசம். அறிவுரை சொல்லாமல் இருப்பதற்குத்தான் காசு என்று அன்றைக்குத் தெரிந்தது.

இந்தக் கலையின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். டிமோதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர், தான் வாயை மூடிக்கொண்டால் மாணவர்கள் நன்றாக ஆடுவதைக் கவனித்து 1974இல் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். அதை அலுவலகங்களுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் ஜான் விட்மோர். கார் பந்தய வீரர். 1995இல் இதற்கென்று ஒரு சர்வதேசக் கூட்டமைப்பைத் தொடங்கிய தாமஸ் லியோனார்ட், நிதி ஆலோசகராக இருந்தவர். கோச் என்று போர்டு மாட்ட எந்தச் சட்டமும் தகுதி கேட்பதில்லை. ஆனால் அந்தக் கூட்டமைப்பின் முத்திரை வேண்டுமென்றால் முதல் படிக்கு 100 மணி நேரம், அடுத்ததற்கு 500, உச்சிக்கு 2500 மணி நேரம் கோச்சிங் செய்திருக்க வேண்டும். அதாவது, எதிரில் இருப்பவர் புலம்பப் புலம்ப, 'நான் சொல்றதைக் கேளு' என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல் 2500 மணி நேரம். எங்கள் குடும்பத்தில் யாரும் 100 நொடியைத் தாண்ட மாட்டார்கள்.

அடுத்த வாரம் கோச் வட்டம் ஒன்றை வரைந்து எட்டாகப் பிரிக்கச் சொன்னார். உடல்நலம், பணம், குடும்பம், நட்பு என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க் போட வேண்டும். நம் ஜாதகத்தில் பன்னிரண்டு கட்டம். நாம் நாலு கட்டம் முன்னால் இருக்கிறோம். பிறகு வில்லியம் பிரிட்ஜஸ் என்பவர் 1980இல் எழுதியதை விளக்கினார். வாழ்க்கை மாற்றத்துக்கு மூன்று பாகமாம்: பழையது முடிவது, நடுவில் ஒன்றும் புரியாத காலம், புதியது தொடங்குவது. "இது ஏழரைச் சனி அம்மா" என்றேன். விரயம், ஜன்மம், பாதம். ஒவ்வொன்றும் இரண்டரை வருடம். எங்கள் ஜோசியர் பெயர்ச்சித் தேதியும் சொல்லி, திருநள்ளாற்றுக்கு வழியும் சொல்வார். பிரிட்ஜஸ் தேதி சொல்வதில்லை.

ஆனால் மனுஷன் ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறார். பழையது முடிந்ததை ஒத்துக்கொள்ளாமலே புதியதற்குத் தாவுகிறோம் என்கிறார். வங்கிப் பெட்டகத்தின் சாவி இரண்டு பேரிடம் இருக்கும். இருவரும் வந்தால்தான் திறக்கும். என் பங்குச் சாவிக்காக எத்தனையோ முகூர்த்தங்களில் தாலி கட்டும் முன்பே எழுந்து பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் நடுராத்திரியில் கை இடுப்பைத் தடவிச் சாவியைத் தேடும். இதைச் சொன்னதும் அந்தப் பெண், "அந்தச் சாவி இருந்தப்போ நீங்க யாரா இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். இல்லை, கண் சிமிட்டினார். அதற்குப் பிறகு பேசியது நான்தான். மணி முடிந்து அலாரம் அடித்தும் நிறுத்தவில்லை. மாடு, மாடித் தோட்டம் சொன்ன ஒருவரும் கேட்காத கேள்வி அது.

வித்தையை எதிர்வீட்டுப் பையனிடம் சோதித்தேன். சென்னையில் ஐ.டி. வேலை போய் ஊருக்கு வந்திருந்தான். திண்ணையில் உட்கார வைத்து, "என்னப்பா யோசிக்கிற?" என்று மட்டும் கேட்டேன். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு "ம்" போட்டேன். வங்கித் தேர்வு எழுதச் சொல்லத் தொண்டைவரை வந்ததை விழுங்கினேன். ஒரு மணி நேரம் பேசிவிட்டு, "உங்ககிட்ட பேசினதும் ஒரு தெளிவு வந்துச்சு அங்கிள்" என்று எழுந்து போனான்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி காபி டம்ளரோடு வந்தாள்.

"ஏங்க, இத்தனை வருஷமா நான் பேசுறப்போ பேப்பருக்குப் பின்னாலேருந்து 'ம்', 'ம்'னு சொல்லுவீங்களே, அதுவும் இந்தக் கோச்சிங்தானா? நீங்க காதுலயே வாங்கலைன்னுல்ல நான் நெனச்சிட்டிருந்தேன்!"